இளங்கலையிலேயே வரலாற்று ஆய்வை வெளியிடலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் தாத்தா பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். 1969இல் ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போயிற்று. உடன் வேலை செய்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். ‘செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர் வாழ்வு, 1938–1971’ என்ற தலைப்பில் ஆய்வேடு எழுதி, அதை ஓர் ஆய்விதழில் வெளியிட வேண்டும் என்பது என் ஆசை. முனைவர் பட்டம் பெற்ற என் சித்தப்பா, “இளங்கலையில் படிப்பதோடு நிறுத்திக்கொள், வெளியிடுவதெல்லாம் பிறகு” என்கிறார். இதற்கிடையில், பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக ஏதோ ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. தாத்தாவிடம் பேசிப் பதிவு செய்யலாமா என்பதும் தெரியவில்லை. அவருடைய பணிச்சான்றிதழின் படத்தை இணைத்திருக்கிறேன். வழிகாட்டுங்கள். – வாசகி, ஈசூன்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வெளியிடலாம். அதற்கு உங்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் இப்போது வைத்திருக்கும் தலைப்பை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இந்த இரண்டையும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சித்தப்பா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அரைகுறையான கட்டுரை ஒன்று உங்கள் பெயரில் அச்சேறி, பின்னாளில் உங்களுக்கே சங்கடமாகிவிடக் கூடாது என்ற அக்கறையில் அவர் பேசுகிறார். அந்த அக்கறை நியாயமானது. ஆனாலும் அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. அதற்கான ஆதாரம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட பிறகு, வரலாற்றுத் துறையில் ஹானர்ஸ் படித்த மாணவர்கள் ‘அக்கடமிக் எக்சர்சைஸ்’ என்ற பெயரில் ஆய்வேடு எழுதினார்கள். தட்டச்சு செய்து பைண்டு போட்ட அந்த ஏடுகள் நூலகத்தில் வைக்கப்பட்டன. இன்றைக்கும் சிங்கப்பூர், மலாயா வரலாற்றைப் பற்றிய முக்கியமான நூல்களின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். தொழிற்சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், சமூகச் சங்கங்கள் என்று வரும் இடங்களில் அந்த மாணவர்களின் ஏடுகள் சான்றாகக் காட்டப்பட்டிருக்கும். அவற்றை எழுதியவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள்தாம். அன்று உயிரோடிருந்தவர்களை நேரில் கண்டு பேசி, அன்று கைக்கெட்டிய தாள்களைப் படித்து எழுதினார்கள். அந்த மனிதர்களும் தாள்களும் இல்லாமல் போன பிறகு, அந்த ஏடுகளே மூலச்சான்றுகளாகிவிட்டன.

வெளிநாட்டிலும் இது புதிதன்று. வரலாற்று மாணவர்களுக்கென்றே ஃபை ஆல்ஃபா தீட்டா என்ற கழகம் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 1921இல் தொடங்கியது. அங்குள்ள எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 1969இல் தொடங்கிய ‘யூரோப்’ (UROP) என்ற இளநிலை ஆய்வுத் திட்டத்தின் பெயர், இன்று நம் பல்கலைக்கழக வளாகங்களிலும் புழங்குகிறது. ஆனால் அறிவியல் துறைகளில் மாணவர் பேராசிரியரின் ஆய்வகத்துக்குள் போய், நடந்துகொண்டிருக்கும் வேலையில் ஒரு பகுதியை எடுத்துச் செய்கிறார். வரலாற்றில் கேள்வி, சான்று, எழுத்து மூன்றும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. ஆகவே, கேள்வியைச் சரியான அளவில் வெட்டிக்கொள்வதிலேயே உங்கள் பாதி வேலை இருக்கிறது.

‘புதிய ஆய்வு’ என்றதும் இதுவரை யாரும் சொல்லாத பெரிய கோட்பாட்டை நாம் சொல்லியாக வேண்டும் என்று மாணவர்கள் மலைத்துப்போகிறார்கள். அப்படி எதுவும் தேவையில்லை. யாரும் படிக்காத சான்று ஒன்றைப் படிப்பது புதிது. எல்லோரும் படித்த சான்றிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பது புதிது. தனித்தனியே கிடந்த இரண்டு சான்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று காட்டுவதும் புதிதுதான். மூன்றுக்கும் உங்களிடம் வசதி இருக்கிறது. பிரிட்டிஷ் படை வெளியேறியதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் லண்டன் அமைச்சரவை, தற்காப்பு, பொருளியல் ஆகியவற்றின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. தளத்தில் சம்பளம் வாங்கிய தமிழ்க் குடும்பம் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டது, என்ன முடிவெடுத்தது என்பதை அறியத் தமிழில் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தமிழ் நாளிதழையும் தமிழ்க் கடிதத்தையும் மொழிபெயர்ப்பாளர் உதவியின்றிப் படிக்கக் கூடிய இளம் வரலாற்று மாணவர்கள் இங்கு அதிகம் பேர் இல்லை. உங்களுடைய அந்தத் திறனைக் குறைத்து எண்ணாதீர்கள்.

இனி உங்கள் தலைப்பைப் பற்றி. தளத்தில் கப்பல்களைப் பழுதுபார்க்க ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் கட்டப்பட்ட உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டதிலிருந்து 1971 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் படை வெளியேறி முடித்தது வரை முப்பத்து மூன்று ஆண்டுகள். அதற்குள் ஜப்பானியர் ஆட்சி வருகிறது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம் வருகிறது, 1952 இறுதியில் தளத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வருகிறது, தன்னாட்சி, மலேசியாவோடு இணைப்பு, பிரிவு எல்லாம் வருகின்றன. பத்து, பன்னிரண்டாயிரம் சொற்களில் இதை எழுதினால், பிறர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லத்தான் இடமிருக்கும். நீங்கள் கண்டதைச் சொல்ல இடமே இராது.

உங்கள் கேள்வி தலைப்பில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. ‘உடன் வேலை செய்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், தாத்தா இங்கேயே தங்கிவிட்டார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் அவர்கள் போனார்கள், ஏன் இவர் தங்கினார்? இதுதான் ஆய்வுக் கேள்வி. இதன் சட்டகத்தைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இங்கே வேரூன்றிய பலருக்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. பெற்றவர்களும் உண்டு, ஊரில் நிலமும் குடும்பமும் இருக்கிறதே என்று பெறாமல் விட்டவர்களும் உண்டு. 1965இல் வந்த சட்டம் குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்றது. 1967 ஜூலையில் படை வெளியேற்றம் அறிவிக்கப்பட்டது. 1968 ஜனவரியில் அதன் காலக்கெடு முன்னுக்கு இழுக்கப்பட்டது. அதே ஆண்டில் தளங்களைப் பொருளியல் பயன்பாட்டுக்கு மாற்றவென்று தனித்துறை அமைக்கப்பட்டது. கப்பல் பழுதுபார்ப்புத் தளம் செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதாவது, பத்தாண்டுகளுக்கு முன்பு ஒருவர் கையெழுத்துப் போட்டாரா, விட்டாரா என்பது 1968இல் திடீரென்று அவருடைய பிழைப்பையே தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. ஆகவே, 1968 முதல் 1971 வரையிலான நான்கு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள் தங்குவதா, திரும்புவதா என்பதை எவற்றை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு இந்த அளவு போதும். உண்மையில், நிறைந்து வழியும்.

பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். தாத்தா இந்த நாட்டின் மீது பற்று வைத்துத் தங்கினார் என்று குடும்பத்தில் சொல்லப்பட்டிருக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மகளின் பள்ளிப் படிப்பு, கொடுத்த கடன், கிடைத்த பணிக்கொடை, ஊரில் அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை என்று வேறு காரணங்கள் சான்றுகளில் தட்டுப்பட்டால் அவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பணிச்சான்றிதழை எப்படிப் படிப்பது என்று காட்டினால், நான் சொல்வது தெளிவாகும். பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஃபிட்டர் என்று தொழில் குறிக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்த தேதியும் நீங்கிய தேதியும் இருக்கின்றன, நீங்கிய காரணம் ஆட்குறைப்பு, நடத்தை நன்று. கீழே ஒரு கையெழுத்து. இதை எழுதியவர் ஓர் எழுத்தர். அடுத்த முதலாளி ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதினார். ஆகவே, அடுத்த முதலாளிக்கு எது வேண்டுமோ அதுதான் இதில் இருக்கும். குடியுரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொந்த ஊர் இல்லை. பணிக்கொடை எவ்வளவு என்பதும் இல்லை. அவை இல்லாததால், அந்த விவரங்களை வேறு தாள்களில் தேட வேண்டும் என்று தெரிகிறது. நான்காக மடித்த தடம் ஆழமாகப் பதிந்து, மடிப்பு கூடும் இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பெட்டியில் பத்திரமாக வைத்த தாள் அப்படிக் கிழியாது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பல இடங்களில் வேலை கேட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் இது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதி, சோதிக்க வழி தேட வேண்டும். நீங்கள் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்திருக்கிறீர்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், அங்கே வேறு அலுவலகத்தின் முத்திரையோ பென்சில் குறிப்போ இருந்தால் ஊகத்துக்கு வலு கிடைக்கும். இன்னொன்று: அதில் தாத்தாவின் பெயர் எழுதப்பட்ட விதம் உங்கள் குடும்பப் பெயரை இன்று நீங்கள் எழுதும் விதமாக இல்லை. ஒரே தமிழ்ப் பெயரை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி நான்கைந்து விதமாக எழுதினார்கள். மின்பட்டியலில் தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள்.

பிற சான்றுகளுக்கு, கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்கலாம். அதன் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பதிவு செய்துவரும் நேர்காணல்களில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். நாடாளுமன்ற விவாதப் பதிவுகளும் இணையத்தில் உள்ளன. நாளிதழ்களுக்கு தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளமும், விக்டோரியா ஸ்திரீட் நூலகக் கட்டடத்தின் மேல்தளத்தில் உள்ள மைக்ரோஃபிலிம் சுருள்களும் உதவும். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசையும், அந்தக் காலகட்டத்தில் வெளிவந்த தமிழ் மலரையும் சொல் போட்டுத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். நாள் நாளாகப் புரட்டுங்கள். தலையங்கத்தையும் செய்தியையும்விட, கடைசிப் பக்கங்களின் சிறு அறிவிப்புகள் உங்களுக்கு அதிகம் சொல்லும்: தாயகம் திரும்பும் நண்பருக்குப் பிரிவுபசாரம், சங்கக் கூட்டம், கோயில் திருவிழா, ‘ரஜூலா’ கப்பல் புறப்படும் நாள். நாகப்பட்டினம் வழியாகச் சென்னை போன அந்தக் கப்பலில்தான் ஊர் திரும்பிய பலர் ஏறினார்கள். தள ஊழியர்களின் வழிபாட்டில் வளர்ந்த ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இப்போது உங்கள் ஈசூனிலேயே இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடும் முதியவர்களில் ‘பேஸ்’ (கடற்படைத் தளம்) காலத்து நினைவுள்ளவர்களைத் தேடிப் பாருங்கள்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. இந்த ஆய்வில் நீங்கள் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சிங்கப்பூரில் கிடைக்கும் வாய்மொழிச் சான்றுகள் பெரும்பாலும் தங்கியவர்களுடையவை. போனவர்களின் குரல் இங்கே பதிவாகவில்லை. தங்கியவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘தமிழ்த் தொழிலாளர்கள்’ என்று பொதுப்பட எழுதினால், ஆய்வு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் கடற்படை ஆவணங்களைப் பார்க்க உங்களால் இப்போது போக முடியாமல் இருக்கலாம். அது பெரிய குறையன்று, அவற்றைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டால் போதும். போனவர்களின் குரல் இல்லாததுதான் பெரிய குறை. அதை ஓரளவு நிரப்ப வழி உண்டு. திரும்பிப் போன நண்பர்கள் தாத்தாவுக்கு எழுதிய நீல நிற விமான அஞ்சல் தாள்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று பாட்டியைக் கேளுங்கள். இரண்டு மூன்று கடிதங்கள் கிடைத்தாலும் போதும். அவற்றில் ஒன்று உங்கள் கட்டுரையின் போக்கையே மாற்றக் கூடும். எதுவும் கிடைக்காவிட்டால், தலைப்பிலேயே ‘தங்கியவர்களின் நினைவில்’ என்ற வரையறையைச் சேர்த்துவிடுங்கள்.

தாத்தாவிடம் பேசுவதற்கு முன், உங்கள் துறை மூலமாகப் பல்கலைக்கழக ஆய்வு நெறிக்குழுவின், அதாவது ஐஆர்பியின், அனுமதியைப் பெறுங்கள். சொந்தத் தாத்தாதானே என்று முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்டால், அந்தப் பதிவை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியாமல் போகலாம். அனுமதிப் படிவம் ஒரு பக்கம் இருக்கட்டும். பேத்தி கேட்டால் தாத்தாவால் மறுக்க முடியாது என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எது கட்டுரையில் வரலாம், எது வீட்டோடு இருக்கட்டும் என்பதை, பேச்சு முடிந்து சில நாள் கழித்து, எழுதி எடுத்த படியை அவருக்குப் படித்துக்காட்டி மறுபடியும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்வது உங்கள் வாதத்துக்கு எவ்வளவு தேவையான செய்தியாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பணம், ஊர்ச் சொத்து, ஊரில் விட்டுவந்த உறவுகள் பற்றிய பேச்சில் மற்றவர்களின் அந்தரங்கமும் கலந்திருக்கும். கேள்வியை நீட்டாமல், “வேலை போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள், தாத்தா?” என்பது போல் ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதிலே வரும்.

குறிப்பெடுப்பதில் ஒழுங்கு வேண்டும். ஆவணத்தைப் படம் எடுக்கும்போது முதல் படம் கோப்பின் அட்டையாக இருக்கட்டும். எண் தெரியாத தாளை அடிக்குறிப்பில் காட்ட முடியாது. தமிழ்ச் செய்தியை மேற்கோள் காட்டினால், மொழிபெயர்ப்போடு மூல வரியையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பை நீங்களே செய்யுங்கள்.

வெளியீட்டைப் பொறுத்தவரை, ஆய்வேட்டை முடித்து மதிப்பெண் வாங்கிய பிறகுதான் ஆய்விதழைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆய்வேடு வேறு, கட்டுரை வேறு. முந்தைய ஆய்வுகளைப் பற்றிய நீண்ட அத்தியாயத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கி, ஒரே வாதத்தை மட்டும் நிறுத்தி, புதிதாக எழுத வேண்டியிருக்கும். இளங்கலை மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகத் துறைகள் நடத்தும் இதழ்கள் நல்ல தொடக்கம். பொது வாசகர்களுக்கு எழுத விரும்பினால், தேசிய நூலகம் 2005 முதல் வெளியிட்டுவரும் பிப்லியோஏஷியா இருக்கிறது. சான்று வலுவாக அமைந்துவிட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி இன்றும் வெளிவரும் அரச ஆசியக் கழக மலேசியக் கிளையின் இதழுக்கு அனுப்பவும் தயங்காதீர்கள்; எழுதியவரின் பட்டத்தைவிட அடிக்குறிப்புகளுக்கே அங்கே மதிப்பு அதிகம். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். மதிப்பீட்டாளர்களின் பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். கடுமையாகத் திருத்தச் சொல்லி வரும் பதிலைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் எழுத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று பொருள். கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும் இருப்பதுதான் வரலாற்றுத் துறையின் பொது வழக்கம். மேற்பார்வையாளருக்கு நன்றிக் குறிப்பில் நன்றி சொல்லுங்கள்.

பணம் கேட்டு வந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம் என்றால், யாரும் படிக்காமல் வெளியிடுகிறோம் என்றுதான் அர்த்தம். நல்ல வரலாற்று ஆய்விதழ் எதுவும் கட்டுரையை ஏற்பதற்குக் காசு கேட்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை வந்துவிட்ட கட்டுரையை வேறு நல்ல இதழ் ஏற்காது. அதைத் திரும்பப் பெறுவதும் கடினம். உங்கள் சித்தப்பா அஞ்சுவது இத்தகைய வெளியீட்டுக்காக என்றால், நான் முழுக்க அவர் பக்கம்.

தமிழிலும் எழுதுங்கள். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்காமல், நம் வாசகர்களுக்கு ஏற்பத் தனியாக எழுதுங்கள். ‘பேஸில்’ வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் படித்தால், உங்கள் தவறுகளைத் திருத்தவும் புதிய தாள்களைக் கொண்டுவந்து காட்டவும் அவர்களால் முடியும். ஆய்விதழ் மதிப்பீட்டாளரால் அது முடியாது.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். 1968 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத் தமிழ் முரசு இதழ்களைச் சிறு அறிவிப்புகள் விடாமல் புரட்டுங்கள். கடற்படைத் தளத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு குறிப்பையும் தேதி, பக்கத்தோடு எழுதி எடுங்கள். அந்தக் குறிப்புகளோடு, உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொண்டு போங்கள். விரும்பினால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.